ஆராய்ச்சியும் வாய்மையும்

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் ஞானம் நடுவே நிற்கின்றது. காட்சியின்றி ஞானம் நன்ஞானம் ஆவதில்லை. ஒழுக்கமாக மலராத ஞானம் பயன் தருவதுமில்லை. இதனை நாம் இளமை முதல் கேட்டு வருகிறோம். ஆயின், ஞானத்தைத் தேடும் முயற்சிக்கென்றே ஓர் ஒழுக்கம் உண்டா, அது நம் அணுவிரதங்களுள் எதனோடு பொருந்தும் என்னும் வினாவை நாம் அதிகம் எழுப்பிப் பார்த்ததில்லை.

இவ்வினா நமக்குத் தொலைவில் உள்ளதன்று. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் ஏர்த்தொழில் செய்து வாழ்ந்த நம் குடும்பங்களுள் பல, கல்வியையும் வேலையையும் நாடிச் சென்னைக்கு வந்தபோது, நகரின் தெற்கு வாயிலாகிய தாம்பரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறின. அந்தத் தென்பகுதியே இன்று உயர் ஆராய்ச்சிக்கு ஓர் உறைவிடமாகவும் விளங்குகின்றது. 1837இல் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. அல்லாடி இராமகிருஷ்ணன் அவர்களின் முயற்சியால் 1962இல் தோன்றிய கணித அறிவியல் நிறுவனம், அணுவினும் நுண்ணிய துகள்களைப் பற்றிய கோட்பாட்டு ஆய்வினைத் தரமணியில் நடத்தி வருகின்றது. சி. எஸ். சேஷாத்ரி அவர்கள் 1989இல் தொடங்கிய கணிதப் பள்ளி, சென்னைக் கணிதக் கழகமாக வளர்ந்து 2005 முதல் சிறுசேரியில் இயங்குகின்றது. தாம்பரம் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த மால்கம் ஆதிசேஷய்யா அவர்கள் 1971இல் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சமுதாயத்தைப் பற்றிய ஆய்வுக்கென அடையாற்றில் அமைந்துள்ளது. எண், துகள், சமுதாயம் ஆகிய மூன்றும் சில கல் தொலைவுக்குள் ஆராயப்படுகின்றன.

இத்தகைய நிலையங்களின் வாயிலை நம் வீட்டுப் பிள்ளைகள் அடையும்போது, இல்லத்திலும் ஜினாலயத்திலும் அவர்கள் கேட்கும் சொல் ஒன்று உண்டு. "இவையெல்லாம் நம் ஆகமங்களில் முன்னரே சொல்லப்பட்டவைதாமே" என்பதே அது. அன்பினால் எழும் சொல்தான், நாமும் சொல்லியிருக்கிறோம். ஆனால் அது வாய்மையா?

பரமாணுவை எடுத்துக்கொள்வோம். பொன்னூர் மலையோடு இணைத்து நம் மரபு போற்றும் ஆசாரிய குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயம் பரமாணுவின் இலக்கணத்தைக் கூறுகின்றது. அந்நூலைச் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய நம் சமூகப் பேரறிஞர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1920இல் வெளியிட்டார்கள். பரமாணு பகுக்க இயலாதது. ஒரு சுவை, ஒரு நிறம், ஒரு மணம், இரு பரிசங்கள் உடையது என்பது அங்குள்ள கொள்கை. இதனை விஞ்ஞானிகளின் அணுவே என்று ஒருவர் சொல்லியிருந்தால், 1897இல் எலக்ட்ரான் கண்டறியப்பட்டபோது அச்சொல் பொய்த்திருக்கும். அணுக்கருவே பரமாணு என்றிருந்தால், அதற்குள் புரோட்டானும் 1932இல் நியூட்ரானும் அறியப்பட்டபோது மீண்டும் பொய்த்திருக்கும். இன்று குவார்க்கே பரமாணு என்போமானால், குவார்க்குக்குச் சுவையும் மணமும் எங்கே என்னும் வினாவுக்கு விடை கூற வேண்டும். ஆகமத்தை உயர்த்துவதாக எண்ணி, அதனை ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பின் பின்னாலும் ஓட விடுகிறோம். பொருளின் மிகநுண்ணிய நிலை யாது என்று நம் ஆசாரியர்கள் ஆழ்ந்து வினவினார்கள் என்பது மெய், அது பெருமையுமாகும். அதற்கு மேல் சேர்ப்பது மிகையே.

மற்றொரு சான்று கணிதத்தில் உள்ளது. ஏறத்தாழ கி.பி. 850இல், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், சமண ஆசிரியராகிய மகாவீராசாரியர் கணிதசாரசங்கிரகம் இயற்றினார். அதனை மு. ரங்காசாரியர் 1912இல் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். பல பொருள்களுள் சிலவற்றை எத்தனை வகையில் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு அந்நூல் பொதுவிதி தருகின்றது. அறுசுவைகளை மும்மூன்றாகச் சேர்த்தால் 20 வகை என்று அவ்விதியால் உடனே கூறலாம். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்றும் அவர் தெளிவாகக் கூறினார். ஆனால் ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அது மாறாமல் நிற்கும் என்றும் எழுதினார், இது பிழை. நம் மேடைகளில் முதலாவது பேசப்படும், மூன்றாவது பேசப்படுவதில்லை. ஒரு பிழையைச் சொல்வதால் அவருடைய பெருமை குறையுமாயின், அப்பெருமை மிகச் சிறியதாக இருந்திருக்க வேண்டும். அது அவ்வாறு சிறியதன்று.

இனி, ஆராய்ச்சியாளர் வாய்மையை எவ்வாறு பேணுகின்றனர் என்று காண்போம்.

கணிதத்தில் எத்தனை சான்றுகள் குவிந்தாலும் அவை நிறுவல் ஆகா. ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைக் கணிக்க ஒரு மதிப்பீடு உண்டு. கணக்கிட்டுப் பார்த்த இடமெல்லாம் அம்மதிப்பீடு உண்மை எண்ணிக்கையைவிடச் சற்று மிகுந்தே காணப்பட்டது. எங்கும் அப்படித்தான் என்று நம்பத் தோன்றும். ஆனால், எண்கள் மிகப் பெரிதாகும்போது அந்நிலை முடிவின்றிப் பலமுறை மாறும் என்று லிட்டில்வுட் 1914இல் நிறுவினார். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் பணிபுரிந்த இராமானுஜன் 1913இல் ஹார்டிக்கு எழுதியவற்றுள்ளும், பகா எண்கள் பற்றிய சில கூற்றுகள் பிழையாயின. அம்மேதைக்கும் நிறுவல் என்னும் கட்டளையிலிருந்து விலக்கு இல்லை.

துகள் இயற்பியலில் நிறுவல் இல்லை, அளவீடு உண்டு. ஒவ்வோர் அளவீட்டோடும் அதன் பிழையெல்லையும் சொல்லப்படுகின்றது. ஜெனீவாவை அடுத்த ஆய்வுக்கூடத்திலிருந்து இத்தாலி வரை 730 கிலோமீட்டர் சென்ற நியூட்ரினோக்கள், ஒளியைவிட ஒரு நொடியின் நூறு கோடியில் 60 பங்கு முன்னதாக வந்தன என்று 2011 செப்டம்பரில் ஒரு குழுவினர் அறிவித்தனர். அதுவே மெய்யாயின் இயற்பியலின் அடித்தளமே அசைந்திருக்கும். ஆயினும் அவர்கள் வெற்றி முழக்கம் செய்யவில்லை. எங்கள் அளவீட்டைப் பிறர் சோதிக்க வேண்டும் என்றே வேண்டினர். 2012இல், சரியாகப் பொருத்தப்படாத ஒரு கண்ணாடி இழைக் கம்பி முதலான குறைகள் வெளிப்பட்டன. அக்குறைகளையும் அவர்களே அறிவித்தனர். உலகத்தார் முன் தம் பிழையைத் தாமே கூறுவது நம் பிரதிக்கிரமணத்திற்கு மிக அருகில் வரும் செயல் அன்றோ?

கல்வியைச் சமுதாய நோக்கில் ஆராய்வோர்க்குப் பணி இன்னும் கடினம். அவர்கள் ஆராயும் பொருள் மனிதர். 1966இல் அமெரிக்காவில் கோல்மன் குழுவினர் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களையும் ஏறத்தாழ 4,000 பள்ளிகளையும் ஆராய்ந்தனர். மாணவரின் தேர்ச்சி வேறுபாட்டோடு பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே மிகுதியாகத் தொடர்புற்றிருக்கின்றது என்றனர். உடனே சிலர், பள்ளியால் பயனில்லை என்று அதனைத் திரித்துக் கூறினர். ஆய்வு சொன்னது ஒரு நோக்கின் உண்மை. அவர்கள் அதனை முழு உண்மை ஆக்கினர். ஒரு நயத்தைப் பற்றிக்கொண்டு ஏனையவற்றை மறுப்பது நயாபாசம் என்று நம் நூல்கள் கூறுவது இதனையே. முதல் தலைமுறையாகக் கிராமத்திலிருந்து வந்து பட்டம் பெற்ற எத்தனையோ பேர் நம் குடும்பங்களிலேயே உள்ளனர். சராசரி அவர்களைப் பொய்யாக்குவதில்லை. அவர்களும் சராசரியைப் பொய்யாக்குவதில்லை.

இம்மூன்று துறைகளிலும் பொதுவாக நிற்பது ஒன்றே. ஒரு கூற்று எந்த எல்லைக்குள் மெய் என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றி அது மெய் ஆகாது. நம் முன்னோர் ஒவ்வொரு கூற்றின் முன்னும் 'ஸ்யாத்' என்னும் சொல்லை வைத்ததும் இதற்கே. அது ஐயத்தின் சொல் அன்று. 'இந்நோக்கில் இது உறுதி' என்னும் துணிவின் சொல். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்ற மகாவீராசாரியர் கூற்று, அவர் கொண்ட எண்களின் எல்லைக்குள் இன்றும் மெய்யே. எண்ணின் பரப்பைப் பிற்காலத்தார் விரித்தபோது வேறொரு நோக்கில் மூலம் உண்டாயிற்று.

மகலனோபிஸ் 1954இலும் ஹால்டேன் 1957இலும் ஸ்யாத்வாதத்தைப் புள்ளியியலோடும் அறிவியல் சிந்தனையோடும் ஒப்பிட்டு எழுதினர். இயற்பியல் அறிஞரும், 1964 முதல் 1966 வரை இந்தியக் கல்விக் குழுவின் தலைவருமாகிய தௌ. சி. கோத்தாரி அவர்கள் சமணர்; அவரும் நீல்ஸ் போரின் கொள்கையை ஸ்யாத்வாதத்தோடு வைத்து ஆராய்ந்தார். ஒப்பிடுவது வேறு; 'அதுவே இது' என்பது வேறு. ஒப்புமை ஒற்றுமையோடு வேற்றுமையையும் காட்டும். தற்பெருமை வேற்றுமையை மறைத்துவிடும்.

இவ்வாறு கூறினால் ஆகமத்தின்பால் உள்ள பக்தி குறையாதா என்று பெரியோர் சிலர் வருந்தலாம். அவ்வருத்தம் மதிக்கத்தக்கது. ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டும். யாவற்றையும் முழுதுணரும் ஞானம் கேவலிக்கே உரியது என்பது நம் சித்தாந்தம். நமக்கு உள்ளவை மதியும் சுருதியும். இரண்டும் எல்லை உடையவை. அறியாததை அறிந்ததாகக் கூறும்போது நாம் கேவலியைப் போற்றவில்லை. கேவலியின் ஆசனத்தில் நாமே அமர்கிறோம். குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்களுள் மானம் அறிவின் உடையணிந்தே வருகின்றது. ஆதலால் அதனை அடையாளம் காண்பது அரிது.

ஆகவே, தாம்பரத்திலிருந்து தரமணிக்கோ சிறுசேரிக்கோ செல்லும் நம் பிள்ளைகளிடம், "எல்லாம் முன்பே நம்மிடம் உள்ளது" என்று சொல்லாதிருப்போம். அச்சொல் அவர்கள் தேடப் புறப்படுமுன்னரே தேடலை முடித்துவிடுகின்றது. "நீ கண்டதை மட்டும் கூறு, எந்த அளவில் கண்டாய் என்பதையும் கூறு, பிழை தெரிந்தால் முதலில் நீயே கூறு" என்று சொல்வோம். இது விஞ்ஞானத்தின் ஒழுங்கு மட்டுமன்று; சத்திய அணுவிரதம் ஆராய்ச்சிக் கூடத்தில் பூணும் உருவமும் ஆகும். அவ்விரதத்தோடு தேடுபவர் எதனைக் கண்டாலும், காணாது திரும்பினாலும், மும்மணி நெறியிலிருந்து வழுவுவதில்லை.