நடுதலும் விடுதலும்

ஒருவனை அணுகி, எழுத்தறிவித்து, அவன் இன்ப துன்பங்களில் உடனிருந்து, அவ்வுறவின் வழியே அவனைத் தன் சமயத்துக்கு உரியனாக்க முயல்வது அறமாமோ, அன்றோ? கிறிஸ்தவ சமயத் தொண்டரைப்பற்றி நம்மவர் பேசுங்காலெல்லாம் எழும் வினா இது. சினந்து விடை கூறல் எளிது. நடுவுநிலைமையோடு ஆராய்தலே சைவர்க்கு அழகாகும்.

கண்டி நகரிலே சர்ச் மிஷன் சங்கத்தார் 1818ஆம் ஆண்டிற் பணி தொடங்கினர். சூழ்ந்த மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபின், தென்னிந்தியாவினின்று வந்த தமிழ்த் தொழிலாளர்பொருட்டு 1854இல் தனி மிஷனொன்று ஏற்பட்டது. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பது அதற்கு அக்காலத்தார் இட்ட பெயர். தோட்டத் துரைமார் பொருளுதவினர். திருநெல்வேலித் திருச்சபையினின்றும் உபதேசியார்கள் வந்தனர். மேற்பார்வை வெள்ளையருடையதாயினும், தொழிலாளரிடைச் சென்று தமிழிற் போதித்தவர் தமிழரே.

அச்சங்கத்துக்கு முப்பதாண்டளவு காரியதரிசியாயிருந்த ஹென்றி வென் என்பார், புதிய சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவுதல் வேண்டும் என்றும், அந்நிலை எய்தியபின் மிஷன் விலகுதல் வேண்டும் என்றும் வகுத்தார். நட்டவன் கைவிட்ட பின்னும் நிற்பதே பயிர். ஆதலின் இஃது உயர்ந்த கொள்கையே. கொள்கை உயர்ந்ததாயினும் விடுதல் அரிது. ஆபிரிக்கரான சாமுவேல் குரோதர் 1864இல் நைஜர் நாட்டுக்கு அத்தியட்சராக்கப்பட்டார்; 1891இல் அவர் இறந்தபின் அவ்விடத்துக்கு ஐரோப்பியரே நியமிக்கப்பட்டனர்.

இனி, நடுதலிலும் ஓர் ஐயம் உண்டு. கூலி கொடுக்கும் துரையே போதகருக்கும் பொருள் கொடுப்பானாயின், தொழிலாளி அஞ்சாது ‘வேண்டேன்’ என்று கூற இயலுமோ? மறுக்க இயலாதவன் உடன்பட்டான் என்றல் பொருந்தாது. ஆகவே போதித்தலன்று குற்றம். வறுமையையும் அச்சத்தையும் தூண்டிலாக்குதலே குற்றம்.

அப்படியாயின் தூய அன்பை அறிவது எங்ஙனம்? மாணாக்கன் மறுத்த மறுநாளும் ஆசிரியன் அன்பு குறையாதிருத்தலே உரைகல் என்க. யானும் மிஷன் பாடசாலையிற் கற்றவன். திருநீறு அணிந்தே வகுப்பில் இருந்தேன். என் ஆசிரியரொருவர் தம் சமயத்தை மறையாது கூறினார். யான் அதனை ஏற்றிலேன். அதன்பின்னும் என் கட்டுரைகளை முன்போலவே இருந்து திருத்தினார். அவர் செய்தது அறம் அன்றென்று யான் எங்ஙனம் கூறுவேன்?

அவ்வுரைகல்லில் நம்மையும் உரைத்தல் வேண்டும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள்; மிஷனாரிமாரிடம் கண்ட நன்முறைகளைச் சைவத்துக்கு ஆக்கினார்கள். ஆயினும் மலைநாட்டுத் தொழிலாளரை நாடிச் சென்ற சைவாசிரியர் எத்துணையர்? அவர்களோ எவரும் போதியாமலே மரத்தடியில் மாரியம்மனை நட்டு வழிபட்டனர். அவ்வழிபாடே தோட்டந்தோறும் கோயிலாயிற்று. நம்மிற் பலர் ஆசிரியரை அனுப்பாமையோடு அமையாது, அவ்வழிபாட்டைத் தாழ்ந்ததென்றும் இகழ்ந்தனர். நாம் புறக்கணித்தோரிடம் பிறர் சென்றனர் என்று முறையிடுதல் நீதியாகுமோ?

மெய்கண்டாருக்குக் குலகுருவாயிருந்த முதியவரே பின்பு அவருக்கு மாணாக்கராகி அருணந்தி சிவாசாரியார் ஆயினார் என்பது நம் மரபு. உண்மை எவன் உடைமையும் அன்று. மாணாக்கனும் ஆசிரியன் உடைமை அல்லன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கச் செல்லும் சைவ வாலிபன், அப்பிள்ளை கோயிலுக்கு வருமோ, தேவாலயத்துக்குச் செல்லுமோ என்று வினவாது கற்பிப்பானாக. தன் சமயத்தை மறைக்கவும் வேண்டா, திணிக்கவும் வேண்டா. தானின்றியே அப்பிள்ளை நிற்கும் நாளை எண்ணி மகிழ்பவனே ஆசிரியன். சைவ நன்மக்கள் இதனைச் சிந்தித்து, இயன்றவர் இவ்வாண்டிலேயே ஒரு தோட்டத்துக்கேனும் செல்வாராக.