இருபத்தாறு இலக்கம்

1,89,47,66,81,77,99,54,26,46,27,73,730 என்பது 26 இலக்க முழு எண். பெங்களூரில் 1929-இல் பிறந்த சகுந்தலா தேவி, 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 28 விநாடியில் சொன்ன விடை அது. கணினித் துறையினர் தற்செயலாகப் பொறுக்கிக் கொடுத்த 76,86,36,97,74,870-ஐயும் 24,65,09,97,45,779-ஐயும் மனத்திலேயே பெருக்கினார். 1982-ஆம் ஆண்டு கின்னஸ் நூலில் அது இடம்பெற்றது. 28 விநாடியைப் பற்றிப் பேசுபவர்கள் பலர். எண்ணை உற்றுப் பார்த்தவர்கள் குறைவு.

சீடன்: ஐயா, விடை சரியென்று கேட்டவர்களுக்கு எப்படித் தெரியும்? கணிப்பொறியை நம்பித்தானே?

குரு: கணிப்பொறி இல்லாமலும் கொஞ்சம் தெரியும். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டு.

சீடன்: 78. மறுபடி கூட்டினால் 15, பிறகு 6.

குரு: இரண்டாவது எண்ணுக்கு 74 வரும், அது 11 ஆகி, 2-இல் நிற்கும். ஆறிரண்டு பன்னிரண்டு, ஒன்றும் இரண்டும் மூன்று. இனி விடையைக் கூட்டு.

சீடன்: 138. அதுவும் 12 ஆகி 3-இல் நிற்கிறது. அப்படியானால் விடை சரி!

குரு: அவசரப்படாதே. கடைசி 73,730-ஐ 77,330 என்று யாராவது மாற்றி எழுதியிருந்தால் கூட்டுத்தொகை மாறுமா?

சீடன்: மாறாது.

இலக்கக் கூட்டு, 9-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டுமே காட்டுகிறது. இலக்கங்கள் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. எழுதும் கையில் அடிக்கடி நேரும் பிழையோ அதுதான். அந்த இடத்தில் 11 கைகொடுக்கிறது. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் இரண்டு தொகைகள் கிடைக்கும். அவற்றின் வேறுபாடு பூஜ்யமாகவோ 11-இன் மடங்காகவோ இருந்தால் எண் 11-ஆல் வகுபடும். இரண்டாவது எண்ணில் அந்தத் தொகைகள் 37, 37. ஆகவே பெருக்கி வந்த விடையும் 11-ஆல் வகுபட்டே ஆகவேண்டும். சகுந்தலா தேவியின் விடையில் 69, 69. இடம் மாறிய விடையில் 73, 65, சாயம் வெளுத்துவிடுகிறது.

சீடன்: இரண்டு சோதனையிலும் தேறிவிட்டால்?

குரு: விடையோடு 99-ஐக் கூட்டிப் பார். அந்தத் தவறான எண்ணும் இரண்டிலும் தேறும். தேறாத விடை நிச்சயம் தவறு. தேறிய விடை சரியாக இருக்கலாம், அவ்வளவே.

சீடன்: பிறகு இந்த எண்ணைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததுதான் என்ன?

குரு: எழுதிவைத்த எண்ணைப் பற்றி நிறையத் தெரியும். 30-இல் முடிவதால் 2-ஆலும் 5-ஆலும் வகுபடும். 4-ஆலும் 25-ஆலும் வகுபடாது. 138-ஐப் போலவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 11-ஐயும் சேர்த்தால், 330-ஆல் மீதியில்லாமல் வகுபடும். அது வர்க்க எண்ணா?

சீடன்: இல்லை, ஐயா. வர்க்க எண்ணின் கடைசியில் பூஜ்யம் வந்தால் இரட்டைப்படையாகத்தான் வரும். இதில் ஒன்றுதான்.

குரு: 26 இலக்கத்தில் கடைசி இரண்டைத்தானே பார்த்தாய்?

சீடன்: ஆமாம். ஆனால் பெருக்கல் சரியா என்பது இன்னும் நிற்கிறதே!

குரு: அதற்குக் காகிதமும் பென்சிலும் எடு. 13 × 13, மொத்தம் 169 ஒற்றை இலக்கப் பெருக்கல். இரண்டு எண்ணிலும் ஆளுக்கொரு பூஜ்யம் இருப்பதால் 144 போதும்.