கருவி யாருடையது?

பாட்டு யாருடையது என்ற கேள்விக்கு நம்மிடம் பதில்கள் நிறைய உண்டு. எழுதியவனுடையது என்பார் ஒருவர். பாடியவனுடையது என்பார் மற்றொருவர். கேட்டு உருகியவனுடையதுதான் என்று ரசிகர் சண்டைக்கு வருவார். ஆனால், அந்தப் பாட்டைப் பிடித்து வைக்கும் கருவி யாருடையது என்று நாம் கேட்பதில்லை. காசு கொடுத்து வாங்கியவனுடையது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் அப்படித்தானா?

தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரலில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். அவருடைய தாத்தா அந்த வட்டாரத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் பாடியவர். கிழவரின் குரல் ஓய்வதற்குள், அவர் அறிந்த கதைகளைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று பேரனுக்கு ஆசை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதற்கான மென்பொருளை வாங்கினார். பாட்டு, வில், உடுக்கை, குடம், பின்பாட்டு என்று தனித்தனியே பதிந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து அவற்றை ஒன்றாக இழைத்தார். 2023 டிசம்பரில் வெள்ளம் ஏரலுக்குள் புகுந்தது. கம்ப்யூட்டர் மூழ்கியது. நல்ல வேளையாக, மதுரையில் அக்காள் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி இருந்தது. ஆனால் புதுக் கம்ப்யூட்டரில் அந்த மென்பொருள் இயங்க மறுத்துவிட்டது. அனுமதி, மூழ்கிப்போன கம்ப்யூட்டரின் பேரில் இருந்ததாம். விற்றவர்களோ அந்தப் பதிப்பையே கைவிட்டிருந்தார்கள். தனித்தனிக் குரல்கள் மிஞ்சின. இழைத்த உழைப்பு மட்டும் பூட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டது.

"வில்லுல நாண் அறுந்தா தாத்தா அவரே கட்டிக்கிடுவாரு, அண்ணாச்சி. குடம் உடைஞ்சா வேளார் வீட்டுல வேற வாங்கிக்கிடலாம். இதுக்கு நான் எங்க போயி நாண் கட்ட?" என்றார்.

திருட்டுப் பிரதி ஒன்று கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் அவருக்கு யோசனை சொன்னாராம். ஊரில் நடக்காததும் அல்ல. பிள்ளைக்கு நீதிநூல் கற்பிக்கும் வீட்டில்கூட, கம்ப்யூட்டரில் இருப்பது திருட்டுப் பிரதியாக இருக்கும். அதைத் திருட்டு என்று எவரும் நினைப்பதில்லை. இவர் மட்டும், "சாமி கதையைத் திருட்டுச் சாமான்லயா பதியச் சொல்லுதிய?" என்று கேட்டுவிட்டார்.

திருடவும் வேண்டாம், பிறர் தயவில் கைகட்டி நிற்கவும் வேண்டாம் என்று மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை எழுதி வைத்திருக்கும் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற கொள்கையோடு 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் ஓர் இயக்கம் தொடங்கினார். 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அதற்கு வலுவூட்டியது. 2000-இல் வெளிவந்த ஆடாசிட்டியும், பால் டேவிஸ் என்பவர் உருவாக்கிய ஆர்டோரும் ஒலிப்பதிவுக்காக இந்த வழியில் பிறந்தவை. ஆர்டோரில் செய்யும் வேலையின் குறிப்பு சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கும்; பூட்டு இல்லை.

ஏரல் இளைஞர் இவற்றுக்கு மாறினார். சுலபமாக மாறினார் என்று சொல்லமாட்டேன். ஒலியை உள்ளே வாங்கும் பெட்டி லினக்ஸோடு ஒத்துப்போகவில்லை. வேறு வாங்க நேர்ந்தது. பாடுவதற்கும் அது காதில் திரும்ப விழுவதற்கும் இடையே இருந்த தாமதத்தைக் குறைக்கப் பல இரவுகள் விழித்தார். ஆனாலும் அறுந்த நாணைத் தாமே கட்டினார்.

இது ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று நினைக்க வேண்டாம். இதே மாவட்டத்து எட்டயபுரத்தில் 1904-இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சேறியது. வித்தையைக் குடும்பச் சொத்தாகக் காத்து வந்த காலம் அது. தீட்சிதரோ முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை ஸ்வரப்படுத்தித் தந்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் எப்படி அசைந்து வளைகிறது என்பதற்கும் அடையாளங்கள் வகுத்து அச்சிட்டார். பாட்டைக் கேட்கத் தருவது ஒரு கொடை. பாட்டு உண்டாகும் விதத்தையே தருவது அதனினும் பெரிய கொடை.

"எழுதிப் பிழைக்கிற நீங்களா இதைச் சொல்வது?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆர்டோரின் மூலநிரலை எவரும் எடுக்கலாம். ஆயத்தமாகச் செய்து வைத்த பிரதிக்கு அதன் ஆசிரியர் பணம் கேட்கிறார், கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். என் நாவலை விலை கொடுத்து வாங்கியவர் அதை அலமாரியில் வைக்கலாம். அடுத்த வீட்டாருக்கு இரவல் தரலாம். ஐம்பது ஆண்டு கழித்து அவர் பேத்தி படிக்க, என் பதிப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வாங்கியது வாங்கியவருடையது. புத்தகத்துக்கு உள்ள இந்த நியாயத்தைத்தான் கருவிக்கும் கேட்கிறேன்.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு கடமையும் உண்டு. அந்நாளில் குளத்து நீரைப் பாய்ச்சியவர்கள், கோடையில் மண்வெட்டியோடு வந்து தூர் வாரினார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். தண்ணீருக்கு விலை கிடையாது. வராமல் இருக்க மட்டும் மனம் இடம் தராது. இலவசம் என்றதும் இறக்கிக்கொண்டு மறந்துவிடுகிறவர்கள், தூர் வாராமல் நீர் பாய்ச்சுகிறவர்கள். நிரல் எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். தெரியாதவர் பிழையைக் கண்டால் தெரிவிக்கட்டும், பயன்படுத்தும் முறையைத் தமிழில் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், முடிந்தால் சிறு தொகை அனுப்பட்டும். கருவி யாருடையது என்று கேட்டால், அதைப் பழுது பார்க்கக் கை கொடுக்கிறவர்கள் எல்லாருடையதும் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.