உண்ண மறுக்கும் மீன்

சென்ற ஆண்டில் ஒரு மாலை நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் போயிருந்தபோது, கூடத்தில் புதிய கண்ணாடித் தொட்டி ஒன்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஒன்றில், பத்து வயது மகனின் பிடிவாதத்திற்காக வாங்கி வந்த இரண்டு டிஸ்கஸ் மீன்கள் அதில் இருந்தன. தட்டைப் போல வட்டமான உடல். அமேசான் ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இனம். வந்து நான்கு நாள்களாகியும் அவை ஒரு துணுக்கும் உண்ணவில்லை. காலையில் குருணைத் தீவனம், நண்பகலில் உறையவைத்த இரத்தப்புழு, இரவில் மீண்டும் குருணை. "சாப்பிடுடா" என்று சிறுவன் கண்ணாடியைத் தட்டத் தட்ட, மீன்கள் நிறம் கறுத்து ஹீட்டருக்குப் பின்னால் ஒதுங்கின. ஆறாம் நாள் ஒன்று இறந்தது.

"நான்தான் தினமும் சாப்பாடு போட்டேனே, அப்புறம் ஏன் செத்துச்சு?" என்று அவன் நம்மிடம் கேட்டான். எளிய கேள்விதான். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அது நம்மை விடவில்லை.

அந்த மீன் பசியால் இறக்கவில்லை. நல்ல உடற்கட்டுள்ள வளர்ந்த டிஸ்கஸ் ஒரு வாரம் உண்ணாதிருந்தாலும் உயிர் வாழும். உண்ணப்படாத தீவனம் அடியில் தங்கி அழுகி அம்மோனியாவாக மாறுகிறது. பழகிய தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றி நஞ்சைத் தணிக்கின்றன. புதிய தொட்டியிலோ அவை போதிய அளவு பெருகவே சில வாரங்கள் பிடிக்கும். நண்பர் நீரைச் சோதித்துப் பார்த்தபோது அம்மோனியா மிகுந்திருந்தது. ஊட்ட முனைந்த அன்பே மூச்சை முட்டச் செய்தது எனலாம்.

அரிஸ்டாட்டில் தம் 'சொற்கலை' நூலில், நாம் நன்மையென்று கருதுவதை மற்றவருக்கு அவர் பொருட்டே விரும்புவதுதான் நேசம் என்ற கருத்தைத் தருகிறார். அவர் பொருட்டே என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். நாம் கருதுவது என்பதைக் கவனியாமல் கடந்துவிடுகிறோம். இடர் அங்கேதான் இருக்கிறது. சிறுவனின் நேசத்தில் கள்ளமில்லை. ஆனால் நன்மை எது என்பதை அவன் மீனைப் பார்த்து முடிவு செய்யவில்லை. தன் தவிப்பைப் பார்த்தே முடிவு செய்தான். மீன் வாயைத் திறந்தால் தணிவது யாருடைய பசி?

மீனின் பக்கம் நின்று சற்றே எண்ணிப் பார்ப்போம். பயணத்தில் நீர் கெடாதிருக்க, புறப்படுமுன் மீன்களைப் பட்டினி போடுவது வணிகரின் வழக்கம். பிறகு பிளாஸ்டிக் பை, குலுக்கல், வேறொரு நீர், வேறொரு வெளிச்சம், கண்ணாடிக்கு அப்பால் அசையும் பெரிய முகங்கள். அஞ்சிய உடல் உணவை நாடாது. கூட்டமாக வாழும் இனமாதலால், ஐந்தாறாக இருந்தால் ஒன்று கொத்தக் கண்டு மற்றவையும் துணியும். இரண்டாக இருப்பவற்றிற்கு அந்த ஆறுதலும் இல்லை.

இந்த இனத்திற்கு ஒரு வியப்பான இயல்புண்டு. குஞ்சுகளின் முதல் உணவு, தாய் தந்தை இருவரின் தோலிலும் சுரக்கும் கோழையே. பெற்றோரின் விலாவை மொய்த்து அவை உண்கின்றன. ஏறக்குறைய மூன்று வாரங்கள் கழிந்தபின், அதே பெற்றோர் மெல்ல நீந்தி விலகத் தொடங்குகின்றன. தம் உடலையே உணவாக்கியவை, ஊட்டுவதை நிறுத்தவும் அறிந்திருக்கின்றன!

கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகனின் நகரத்து அடுக்ககத்திற்கு வந்து சேர்ந்த தாய், தட்டைத் தள்ளி வைப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். "என்னம்மா குறை வச்சோம் உனக்கு?" என்ற கேள்வியும் கண்ணாடியைத் தட்டுவதுதான்.

அப்படியானால் கைகட்டிக் காத்திருப்பதா? அதுவும் அன்று. வெண்ணிறமாக நூல்போல் இழுபடும் கழிவு, குழிந்த நெற்றி, விரைந்த மூச்சு ஆகியவை நோயின் அறிகுறிகள். அவற்றைக் கண்டபின்னும் பொறுமை பேசுவது சோம்பலுக்குச் சூட்டும் நற்பெயர். பொறுமைக்கும் புறக்கணிப்புக்கும் வெளித்தோற்றத்தில் வேற்றுமையில்லை. இரண்டும் சும்மாயிருப்பதாகவே தெரியும். ஒன்று கூர்ந்து பார்த்துக்கொண்டு சும்மாயிருக்கிறது. அவ்வளவே. மேலும், அந்த மீன் நம்மைத் தேடி வரவில்லை. நம் கண்ணின் களிப்பிற்காக நாம் அதைக் கொணர்ந்தோம். ஆகவே நம் கவனிப்பு ஈகையன்று, கடன்.

நண்பர் நாள்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றினார். வெப்பத்தை 28 முதல் 30 பாகைக்குள் நிறுத்தினார். தொட்டியின் மூன்று பக்கமும் பழுப்புத் தாள் ஒட்டி, விளக்கை அணைத்தார். இரண்டு நாள் எதுவும் போடவில்லை. பிறகு சிறிதளவு தீவனம். சில நிமிடங்களில் தீண்டாததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது மகனின் பொறுப்பு. கண்ணாடியைத் தொடக்கூடாது என்பது கட்டளை. அவன் கூடத்தின் மறுகோடியில் அமர்ந்து பாடம் படித்தான். எப்படிப் படித்தானோ!

பதினோராம் நாள் மாலை, நீரைக் கெடுக்காத உயிருள்ள கொசுப்புழுக்கள் ஐந்தை விட்டுவிட்டு எல்லாரும் உறங்கப் போனார்கள். விடிந்ததும் சிறுவன் எண்ணிப் பார்த்தான். இரண்டே இருந்தன. மீன் உண்டதை யாரும் பார்க்கவில்லை.