யாழின் அளவும் குரலின் அளவும்

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் தருமபுரத்திற்கு எழுந்தருளினார். காரைக்காலுக்கு அண்மையிலுள்ள அத்தலம் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனாரின் தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த சுற்றத்தார், பிள்ளையாரின் பதிகங்கள் எங்கும் பரவுவது பாணர் யாழில் இட்டு வாசிப்பதனால்தான் என்று உறவுப் பெருமையிற் பேசினர். அதைக் கேட்ட பாணர் நடுங்கிப் போனார். யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டுமெனப் பிள்ளையாரை வணங்கிக் கேட்டார். பிள்ளையாரும் பாடியருளினார். பாணரின் விரல்கள் நரம்பெங்கும் ஓடியும் அவ்விசை யாழில் அகப்படவில்லை. இந்தக் கருவியாலன்றோ இப்பழி வந்ததென்று யாழை உடைக்க ஓங்கினார்.

பிள்ளையார் அதைத் தடுத்து யாழை வாங்கிக்கொண்டார். இறைவன் பெருமை ஒரு கருவியின் அளவிலே அடங்குமோ என்று பாணரை ஆற்றி, யாழில் வருமளவு வாசித்து வருமாறு பணித்து, அதை மீண்டும் அவர் கையிற் கொடுத்தருளினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அப்பதிகத்தின் பண் இன்றும் யாழ்மூரி எனப்படுகின்றது.

யாழுக்கு அளவு இருப்பதுபோல மனிதக் குரலுக்கும் அளவு உண்டு. பழந்தமிழ் இசை நூலார் அதனை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். மந்தரம், மத்திமம், தாரம் என்பனவும் இவையே. ஆனாய நாயனார் குழலில் திருவைந்தெழுத்தை இசைத்த சிறப்பைச் சொல்லுமிடத்துச் சேக்கிழார் சுவாமிகள் இம்மூன்றையும் எடுத்துரைக்கின்றார். பயிற்சி இல்லாத ஒருவருக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஸ்தாயி அளவுக்குக் குரல் செல்லும். அந்த எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். தொண்டையிலுள்ள குரல் நாண்கள் ஆண்களுக்கு நீண்டும் தடித்தும் இருப்பதால் குரல் தாழ்ந்து ஒலிக்கின்றது. பேசும்போது அவை நொடிக்கு நூறு தடவைக்குச் சற்று மேலாக அதிரும். பெண்களுக்கு அது ஏறக்குறைய இருநூறு. ஆகவேதான் இசை பயில்வோர் ஆண்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து கட்டை என்று சுருதியைப் பிரித்து வைத்துக்கொள்கின்றனர்.

இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதனால் நம் ஆலயங்களில் ஒரு குறை நேர்கின்றது. வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையிலே நல்ல குரல்வளம் உள்ள ஒருவர் தமக்கு வாய்ப்பான உச்சத்தில் தேவாரத்தைத் தொடங்குகின்றார். முதலடியிற் கூடப் பாடிய தாய்மார் இரண்டாமடியிலே தணிந்து, மூன்றாமடியிலே மௌனமாகி விடுகின்றனர். அவர்களுக்குப் பக்தி குறைந்துவிடவில்லை. சுருதி எட்டவில்லை, அவ்வளவுதான். ஒலிபெருக்கி வந்தபின் இது இன்னும் கூடிவிட்டது. ஒலிவாங்கி இருக்கையில் உரத்துப் பாட வேண்டியதே இல்லை. ஆனால் அது கைக்கு வந்தால்தான் பலருக்குக் குரலும் ஏறுகின்றது!

முன்னின்று பாடுபவர் செய்யக்கூடியது எளிய காரியம். பதிகத்தின் மிக உயர்ந்த இடம் எது, மிகத் தாழ்ந்த இடம் எது என்று அறிந்து, அவ்விரண்டையும் மெல்லப் பாடிப் பார்த்தல் வேண்டும். கூடியிருப்போருக்கு இரண்டும் எட்டுமாயின் அதுவே சுருதி. பெண்களும் பிள்ளைகளும் மிகுந்த கூட்டமாயின் அவர்களுக்கு ஏற்ற சுருதியை வைத்து, ஆண்கள் கீழ் ஸ்தாயியிற் சேர்ந்துகொள்ளலாம். கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவதில் பயனில்லை. நிமிர்ந்து அமர்ந்து, வயிறு விரிய மூச்செடுத்து, அடி முடியும்வரை அதைச் சிக்கனமாக விட்டால் தொண்டை நோவதில்லை, சொல்லும் சிதைவதில்லை.

மார்கழியில் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் செல்வோர் இதனை இன்னும் கவனித்தல் நன்று. தூங்கி எழுந்தவுடன் குரல் தடித்துத் தாழ்ந்திருக்கும். இளஞ்சூடான நீர் பருகி, அரைக் கட்டையோ ஒரு கட்டையோ குறைத்துத் தொடங்கினால் கடைசி வீதிவரை குரல் தாங்கும். மதுரைத் திருக்கோயிலிலே பாணர் வெறுந்தரையில் இருந்து வாசித்தபோது, தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்புக் கட்டுத் தளரும் என்று, பலகை இடுமாறு இறைவனே அசரீரியாக அருளினான். கருவியைப் பேணுவது அவனுக்கும் உவப்பானது போலும்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களின் நிலை வேறு. முன்னைய ஆண்டு குருபூசைப் போட்டியிற் பரிசு பெற்ற பிள்ளை, குரல் உடைந்ததும் நாலுபேர் சிரிப்பார்களென்று வெட்கி, தேர் முட்டியடியில் ஒதுங்கி நிற்பான். அக்காலத்தில் குரல் நாண்கள் விரைவாக நீள்வதால் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகின்றது. பழைய சுருதியிலே பாடு என்று அவனை வற்புறுத்துவதும், இனி உனக்குப் பாட்டு வராது என்று சொல்வதும் ஒரேயளவு தீங்கு. அத்தோடு தேவாரத்தை விட்டுவிடும் பிள்ளைகள் பலர். சில மாதங்கள் சமன் ஸ்தாயியிலே மெல்லப் பாடவிட்டால், புதிய குரல் தன் இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும்.

தருமபுரத்திலே யாழ் உடைந்திருந்தால் பாணரின் தொண்டு அன்றோடு நின்றிருக்கும். அவ்வாறு நேரவில்லை. பிள்ளையார் திருப்பிக் கொடுத்த யாழைத் தாங்கி, அதில் வருமளவு வாசித்துத் தலந்தோறும் உடன் சென்றார் பாணர். திருநல்லூர்ப் பெருமணத்திலே பிள்ளையாரின் திருமண நாளன்று தோன்றிய சோதியினுள்ளும் அவரோடு கூடவே புகுந்தார்.