அருகில் நின்றவரின் கடமை

நம் கண்முன்னே ஒருவர் திடீரெனச் சாய்கிறார். அழைத்தால் பதிலில்லை, இயல்பான மூச்சுமில்லை. "நான் வைத்தியன் அல்லவே, தொட்டு ஏதும் ஆகிவிட்டால்?" என்று ஒதுங்கி நிற்பவரைக் குற்றஞ் சொல்லலாமா? அறியாதவனிடம் கடமையை எப்படிக் கேட்பது என்று ஒரு காலத்தில் சொல்லியிருப்போம்.

இன்று அந்தச் சாட்டு வலுவிழந்துவிட்டது. ஏ.ஈ.டி. எனப்படும் சிறிய மின்னதிர்ச்சிக் கருவி, இயக்கியதும் பேசத் தொடங்குகிறது. ஒட்டுத் தகடுகளை நெஞ்சில் எங்கே ஒட்டுவது, எப்போது விலகி நிற்பது என்பதெல்லாம் அதுவே சொல்லும். இருதயத்தை அதுவே சோதித்து, அதிர்ச்சி வேண்டாதவருக்குக் கொடுக்க மறுத்துவிடும். கருவி வரும்வரை நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் விடாது அழுத்த வேண்டும். ஒன்றுஞ் செய்யாதிருந்தால், கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைகிறது.

சிக்காகோ நகரின் விமான நிலையங்களில் 1999இல் இக்கருவிகளை வைத்தார்கள். ஈராண்டுகளில், இருதயம் துடியாமல் தாறுமாறாக நடுங்கி விழுந்தோர் 18 பேர். அவர்களுள் 11 பேர் மீட்கப்பட்டனர். இதில் 6 பேரை மீட்டவர்களுக்கு இக்கருவியில் எவ்விதப் பயிற்சியும் இருந்ததில்லை (மூவர் வைத்தியப் பட்டதாரிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்). 3 பேர், கருவி விரைவாக வந்தும் இறந்தனர். அது உதவியவரின் பழியா? அல்ல, நின்றுபோன இருதயத்துக்கு அதைவிடப் பெரிய கேட்டை அவரால் செய்திருக்க முடியாது. எஞ்சிய 4 பேருக்கோ கருவி ஐந்து நிமிடத்துள் கிட்டவில்லை; ஒருவரும் பிழைக்கவில்லை. இங்கே கேள்வி அருகில் நின்றவருக்கன்று. கருவியை எங்கே வைப்பது, பூட்டி வைப்பதா என்று தீர்மானிப்பவர்களுக்கு.

உதவியவரை வழக்கிலிருந்து காக்கும் அமெரிக்கச் சட்டங்கள் நல்ல சமாரியனின் பெயராலேயே வழங்குகின்றன. ஜேர்மனியோ உதவ முடிந்தும் உதவாதவரைத் தண்டிக்கிறது. ஆனால் மனச்சாட்சி சட்டத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. உவமையில் விலகிப்போன குருவும் லேவியனும் எந்தச் சட்டத்தையும் மீறினார்கள் என்று எழுதப்படவில்லையே!

நாம் பேசக் கூசும் தடையொன்றும் உண்டு. தகடு ஒட்ட நெஞ்சு திறந்திருக்க வேண்டும். விழுந்தவர் பெண்ணாயின்? அமெரிக்க ஆய்வொன்றில், பொது இடத்தில் விழுந்த ஆண்களில் நூற்றுக்கு 45 பேருக்கு அருகில் நின்றோர் நெஞ்சை அழுத்தி உதவினர். பெண்களில் 39 பேருக்கே. நாணம் நல்ல குணந்தான். ஆனால் அவள் கணவனோ பிள்ளைகளோ அந்த நாணத்துக்கு நன்றி சொல்வார்களா? சுற்றி நிற்கும் பெண்கள் ஒரு துணியை மறைவாகப் பிடிக்கலாம். பிடிக்க எவருமில்லையென்றால் அதற்காகவும் காத்திருக்கலாகாது.