நாற்காலி இருக்கிறது, உட்கார முடியவில்லை

வேலையிடத்து மன அழுத்தம் என்று பேச்செடுத்தால் யோகா வகுப்புக்கு ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் இன்று நிறைய. யோகாவில் குறையில்லை. ஆனால் அழுத்தம் ஊழியரின் மனதில் பிறக்கிறது, அவரேதான் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலை அதிகமாக இருப்பது ஒருவரைக் களைப்பாக்கும். தன் உடம்பும் நேரமும் தன் கையில் இல்லை என்ற நிலைதான் அவரை உள்ளுக்குள் அரிக்கும்.

ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். இருபது சேலைகளைப் பிரித்துக் காட்டியிருப்பார். வந்தவர்கள் ஒன்றும் எடுக்காமல் போனபின் அத்தனையையும் மடித்து அடுக்குவார். கூட்டமில்லாத மதியத்தில் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவார். இடுப்பை அலமாரி விளிம்பில் லேசாகச் சாய்ப்பார். சூப்பர்வைசர் வருவது தெரிந்ததும் சட்டென்று நிமிர்வார். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக் குடிப்பவர்களும் உண்டு. 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ இந்த வாழ்க்கையைத் திரையில் காட்டியது. கோழிக்கோட்டில் விஜி என்ற பெண்ணும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் உட்காரும் உரிமைக்காகப் போராடியதன் பயனாக, 2018இல் கேரளம் தன் கடைச் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021இல்தான், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதிக்கான பிரிவு சேர்ந்தது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் இயற்றியது 1899இல்!

இது கால்வலி மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமா? லண்டன் ஒயிட்ஹால் அரசு அலுவலர்களிடம் 1967இல் தொடங்கிய ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அவர்கள் அரசு வேலையில் இருந்தவர்கள். வறுமையில் வாடியவர்கள் அல்லர். அப்படியிருந்தும், மேல்நிலை அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களே இதய நோயால் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் தொடங்கிய இரண்டாம் ஆய்வு பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்தது. தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் வாய்ப்பு குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவது அதில் தெரிந்தது. பொறுப்பு மிகுந்த அதிகாரிதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார் என்று நாம் நினைத்திருந்தது தவறு.

ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு, சுறுசுறுப்பு போய்விடும் என்பார்கள் கடைக்காரர்கள். அதே கடையில் கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துதான் பணம் வாங்குகிறார். அதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. சுறுசுறுப்பைப் பற்றிச் சொல்வதானால், முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் மிக நீண்ட வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். உற்பத்தி விழவில்லை, சில இடங்களில் கூடவும் செய்தது. சிறு கடைக்குச் செலவு தாங்காது என்பதிலும் நியாயமில்லை. ஒரு முக்காலியின் விலை சுமாரான பட்டுச்சேலையின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. சிலர் சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவார்களே என்ற கேள்வியில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. சிலர் அப்படிச் செய்யக்கூடும். ஆனால் லட்ச ரூபாய்ச் சரக்கை நம்பி ஒப்படைத்த கைகளிடம் பத்து நிமிட ஓய்வை ஒப்படைக்க முடியாதென்றால், அங்கே காக்கப்படுவது அதிகாரம்; வியாபாரம் அல்ல.

தமிழ்நாட்டுச் சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்கிறது அது. வாய்ப்பு எப்போது கிடைத்தது என்பதை யார் முடிவு செய்வது? சூப்பர்வைசர் என்றால், நாற்காலி சுவரோரம் அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டுதான் கிடக்கும். அந்த முடிவு நிற்பவரின் கைக்கு வரும்வரை அவருடைய அழுத்தம் குறையப்போவதில்லை.

இந்தத் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, ‘உட்கார்ந்தே எடுத்துக் காட்டுங்கம்மா’ என்று சொல்லுங்கள். சூப்பர்வைசர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.